கட்டுப் போட்ட காலுக்குக் கரண்ட்: வாடகைத் தசைத் தூண்டல் கருவி பற்றி ஒரு தையற்காரியின் மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோலில் ஒட்டும் பட்டை வழியாக மின்சாரம் செலுத்தித் தசையை இறுக்க வைக்கும் இந்தக் கருவி வேலை செய்கிறது; ஆனால் விற்பவர்கள் சொல்கிற அளவுக்குச் செய்வதில்லை. கால் உடைந்து முடங்கிக் கிடக்கும் நாட்களில் தொடைச் சதை கரைவதை ஓரளவு பிடித்து நிறுத்துகிறது. பலம் வேண்டுமென்றால் நாம்தான் உழைக்க வேண்டும். விலை கொடுத்து வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். அதையும் ஓர் இயன்முறை மருத்துவரை வைத்துக்கொண்டு எடுங்கள். அவசரக்காரர்களுக்கு இவ்வளவு போதும். பணம் கட்டப் போகிறவர்கள் மேலே படிக்கலாம்.

நான் கும்பகோணத்தில் தையற்கடை வைத்திருக்கிறேன். ரவிக்கைதான் பிரதானம். ஆவணி முகூர்த்தத்துக்குத் துணி குவிந்திருந்த நேரத்தில், மழையில் ஊறிய கொல்லைப்படி வழுக்கி, வலது கணுக்காலில் இரண்டு பக்கமும் எலும்பு விரிசல் விட்டது. விலகவில்லை என்பதால் அறுவை சிகிச்சை இல்லை. முட்டிக்குக் கீழே ஃபைபர் கட்டுப் போட்டு, ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். மோட்டார் பெடலை நான் மிதிப்பது வலது காலால். அந்தக் கால் சூம்பிப் போனால் என் பிழைப்பும் சூம்பிவிடும் என்பதுதான் எனக்கு இருந்த பயம்; வலியெல்லாம் அதற்குப் பிறகுதான். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கட்டைப் பிரித்துவிட்டுப் புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னார்கள். மீதிப் பேர் ஆட்டுக்கால் சூப் குடிக்கச் சொன்னார்கள். சதையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எலும்பு கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் ஊரே நினைக்கிறது.

சதை எவ்வளவு வேகமாகப் போகும் என்பது தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில், ஒரு நோயும் இல்லாத இளைஞர்களின் ஒரு காலை மட்டும் அசையாமல் கட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஐந்தே நாளில் முன்தொடைத் தசையின் குறுக்களவு 3.5 சதவீதம் குறைந்தது. பலம் 9 சதவீதம் குறைந்தது. பதினான்கு நாளில் அளவு 8.4, பலம் 23 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சதை குறைவதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகப் பலம் குறைகிறது. அப்படியென்றால் பலம் சதையில் மட்டும் இல்லை. சதைக்கு ஆணையிடும் நரம்பிலும் மூளையிலும் இருக்கிறது. இந்தக் கருவியின் நல்லதும் கெட்டதும் இங்கேதான் பிரிகின்றன.

எங்கள் தொழிலில் ஒரு சௌகரியம், இஞ்ச் டேப் எப்போதும் கழுத்தில் தொங்கும். கட்டுப் போட்ட அன்றே முட்டிச் சில்லின் மேல் விளிம்பிலிருந்து நாலு அங்குலம் மேலே அளந்து, தையல் சாக்கில் கோடு போட்டேன். அது வியர்வையில் அழிந்துவிடும் என்பதால் பால்பாயிண்ட் பேனாவால் அதன்மேல் ஒரு கோடு. கால் நீட்டி, சதையைத் தளர்த்தி, டேப்பை இறுக்காமலும் தொங்கவிடாமலும் சுற்றி எடுக்க வேண்டும். இடது தொடைக்கும் அதே இடத்தில் அளவு எடுத்து, வாடிக்கையாளர் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டையும் எழுதி வைத்தேன். நீங்களும் இதைச் செய்யுங்கள். முதல் அளவு கையில் இல்லாவிட்டால் பின்னால் எந்தக் கருவி எதைச் சாதித்தது என்று சொல்லவே முடியாது. டேப்புக்குக் கொழுப்பும் வீக்கமும் சதையும் ஒன்றுதான். வீக்கம் வற்றினாலே கால் அங்குலம் குறைந்துவிடும். அதனால் வாரம் ஒரு முறை, காலை வேளையில் மட்டும் அளந்தேன்.

இனிக் கருவிக் கதை. முதலில் வீட்டுக்கு வந்தது வேறொன்று. என் அக்காள் மகன் இணையத்தில் தேடி, ‘தசையை வலுப்படுத்தும்’ என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்த ஒன்றை வரவழைத்தான். ஒட்டினால் சுரசுரவென்று எறும்பு ஊர்ந்தது. கூட்டக் கூட்ட ஊறல் அதிகமானதே தவிரத் தொடை அசையவில்லை. பிறகு வந்த இயன்முறை மருத்துவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அக்கா, இது டென்ஸ். வலிக்கு வைப்பது. சதைக்கு இதனால் பயன் இல்லை” என்றார். டென்ஸ் என்பது தோலுக்கடியில் உள்ள உணர்வு நரம்பைத் தட்டி வலியை மறக்கடிக்கும். தசையை இறுக்க வைக்க அசைவு நரம்பைத் தட்ட வேண்டும்; அதற்குத் துடிப்பு அகலமாகவும் வலுவாகவும் இருக்க வேண்டும், இறுக்கிப் பிடித்துப் பின் விட்டுவிடும் சுழற்சியும் வேண்டும். அந்த இரண்டாவது வகைக்கு என்.எம்.இ.எஸ். என்று பெயர். கிளினிக்கில் வலிக்கு வைக்கிற ஐ.எஃப்.டி.யும் இதுவும் ஒன்றல்ல. விற்ற கடைக்கு எழுதினால், பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லை என்று பதில் வந்தது. பெட்டியைப் பிரிக்காமல் உள்ளே இருப்பது டென்ஸ் என்று கண்டுபிடிக்கும் வித்தையை அவர்கள் எனக்குக் கற்றுத் தரவில்லை.

வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “எத்தனை விநாடி இறுக்கும், எத்தனை விநாடி விடும், அதை நானே மாற்றிவைக்க முடியுமா?” பதில் சொல்லத் தெரியாதவரிடம் எதையும் வாங்க வேண்டாம்.

பிறகு மருத்துவ உபகரணம் வாடகைக்கு விடும் கடையிலிருந்து சரியான கருவியை அந்த இயன்முறை மருத்துவரே எடுத்து வந்தார். டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். இரண்டு இணைப்பு, நாலு ஒட்டுப் பட்டை. துடிப்பு 50 ஹெர்ட்ஸ், அகலம் 300 மைக்ரோ விநாடி, பத்து விநாடி இறுக்கம், முப்பது விநாடி ஓய்வு என்று எனக்கு வைத்துக் கொடுத்தார். இது என் தொடைக்கு, என் வயதுக்கு அவர் வைத்தது. உங்களுக்கு வேறாக இருக்கலாம். என் கட்டு முட்டிக்குக் கீழே என்பதால் தொடை திறந்திருந்தது. ஒரு பட்டை தொடையின் மேற்பக்கம் வெளிப்புறமாக. இன்னொன்று முட்டிக்குச் சற்று மேலே, உட்புறம் கண்ணீர்த்துளி மாதிரிப் புடைத்திருக்குமே, அந்தச் சதையின் மேல். காலை நீட்டி வைத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு.

முதல் இறுக்கத்தை மறக்க முடியாது. மில்லி ஆம்பியரை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனார். முதலில் ஊறல். பிறகு உள்ளே யாரோ பிடித்து முறுக்குகிறார்கள். அப்புறம் நான் ஒன்றும் செய்யாமலே முட்டிச் சில்லு தானாக மேலே ஏறியது; தொடையின் மேல் தோலில் சதைக் கட்டு எழும்பி நின்றது; குதிகால் மெத்தையை விட்டு இலேசாகத் தூக்கியது. பத்து விநாடி கழித்து எல்லாம் பொத்தென்று விழுந்தது. சில்லு ஏறுகிறதா என்பதுதான் சோதனை. ஏறவில்லையென்றால் ஊறலைத்தான் விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். சுகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். பொறுக்க முடிகிற எல்லையின் விளிம்பு வரை ஏற்றினால்தான் பயன். தோல் சுருக்கென்று எரிந்தால் அது வேறு விஷயம். பட்டை காய்ந்திருக்கிறது, அல்லது ஓரம் தூக்கியிருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும்.

எனக்குப் பிடித்தது அவர் போட்ட நிபந்தனை. கரண்ட் இறுக்கும் அந்தப் பத்து விநாடியும் நானும் சேர்ந்து இறுக்க வேண்டும். மொபைலைப் பார்த்துக்கொண்டு கிடக்கக் கூடாது. முட்டியின் பின்புறத்தால் துண்டை அமுக்கி, கட்டோடு காலைத் தூக்கி நிறுத்த வேண்டும். கரண்ட் தானாகத் தூண்டும்போது ஒரே இழைகள் திரும்பத் திரும்ப வேலை செய்து சீக்கிரம் களைத்துவிடுமாம். மனிதர் தானே இறுக்கும்போது இழைகள் முறை வைத்து மாற்றிக்கொள்ளும். முக்கியமாக, மூளையிலிருந்து கிளம்பும் ஆணை அப்போதுதான் தொடை வரை வந்து சேரும். அந்த வழி அடைபட்டுப் போவதுதான் பெரிய நட்டம்.

இதற்கும் மாஸ்ட்ரிக்ட்டிலேயே சான்று இருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 24 இளைஞர்களின் ஒரு காலை ஐந்து நாள் கட்டி வைத்து, பாதிப் பேருக்கு மட்டும் நாளுக்கு இருமுறை இந்தத் தூண்டலைக் கொடுத்தார்கள். தூண்டல் பெறாதவர்களுக்குத் தொடைச் சதை குறைந்தது. பெற்றவர்களுக்குக் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை. ஆனால் பலம் இரண்டு கூட்டத்துக்குமே குறைந்தது. விளம்பரங்களில் முதல் பாதி மட்டும் வரும்.

கரண்ட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்க்கவும் எனக்கு வாய்த்தது. நடுவில் கருவியின் வயர் ஒன்று உள்ளே அறுந்து, மாற்று வயர் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் கரண்ட் இல்லாமல் வெறும் பயிற்சிதான்: தொடையை இறுக்கிப் பிடித்தல், காலை நேராகத் தூக்கி நிறுத்துதல், குப்புறப் படுத்து இடுப்பிலிருந்து காலைத் தூக்குதல், பக்கவாட்டில் படுத்துத் தூக்குதல். ஃபைபர் கட்டின் எடையே போதும், தனியாக எடை கட்டவே தேவையில்லை. அந்த வாரமும் டேப் கீழே இறங்கவில்லை. அப்படியானால் கருவி எதற்கு? முதல் பத்துப் பதினைந்து நாட்களுக்கு. அப்போது வலியிலும் பயத்திலும் தொடைக்கு ஆணை போய்ச் சேரவே இல்லை. இறுக்கு என்று நினைக்கிறேன், தொடை இரை தின்ற பாம்பாகக் கிடக்கிறது. கரண்ட் ஒரு முறை இறுக்கிக் காட்டிய பிறகுதான், இறுக்கம் என்றால் எப்படி இருக்கும் என்பதே அந்தக் காலுக்கு மறுபடி நினைவு வந்தது. அந்தக் கட்டத்தில் இது விலைமதிப்பில்லாத உதவி. அதைத் தாண்டிய பிறகு பக்கத்துணை மட்டுமே.

கெண்டைக்காலுக்கு வருவோம். அது முழுக்கக் கட்டுக்குள். பட்டை ஒட்ட வழியில்லை. எலும்புக்குப் பாதிப்பில்லாத இடத்தில் ஃபைபர் கட்டைச் சன்னல் போல வெட்டித் திறந்து ஒட்டுவதும் உண்டு என்றார்கள்; என் எலும்பு மருத்துவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. மூன்றாவது வாரத்துக்குள் கட்டின் வாய்க்கும் காலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. வீக்கம் வற்றியது பாதி, சதை வற்றியது பாதி. ரவிக்கைக் கை தொளதொளவென்று வந்தால் பிரித்துத் தைத்துவிடுவேன். இதை என்ன செய்வது? கட்டு தளர்ந்தால் எலும்பு அசையும் என்பதால் மருத்துவரிடம் காட்டி மாற்றிப் போட்டுக்கொண்டேன். உங்களுக்கும் தளர்ந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

கட்டுக்குள் செய்ய முடிந்தது மூன்று. ஒன்று, கால் விரல்களை மடக்கி நீட்டுவது. இரண்டு, கட்டுக்குள்ளேயே பாதத்தைக் கீழே அழுத்துவதுபோல் மெல்ல முயல்வது. இதை எலும்பு மருத்துவர் சரி என்று சொன்ன நாளிலிருந்துதான் தொடங்கினேன். மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பீர்கள்: கற்பனை. கண்ணை மூடிக்கொண்டு, பெடலை முழு வேகத்தில் மிதிப்பதாக நினைக்க வேண்டும், கால் அசையக் கூடாது. அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் 29 பேருக்கு மணிக்கட்டில் நான்கு வாரம் கட்டுப் போட்டு, பாதிப் பேரை வாரத்தில் ஐந்து நாள் இப்படி நினைக்க மட்டும் சொல்லியிருக்கிறார்கள். நினைக்காதவர்கள் பலத்தில் சுமார் 45 சதவீதம் இழந்தார்கள். நினைத்தவர்கள் சுமார் 24 சதவீதம். 2014-இல் வெளிவந்தது. நரம்பின் வழி திறந்தே இருந்ததுதான் காரணம் என்கிறார்கள். வாடகை இல்லை, வயர் அறுவதில்லை. என் மருமகள் நான் தூங்குவதாக நினைத்து மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் போவாள்.

நல்ல காலை உழைக்க வைப்பதும் உதவும். 1894-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கைக்குப் பயிற்சி கொடுத்து மறு கையிலும் பலம் ஏறுவதைக் கவனித்திருக்கிறார்கள். கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஒரு கையை அசையாமல் வைத்துவிட்டு மறு கைக்குப் பயிற்சி கொடுத்தபோது, அசையாத கையின் பலம் காப்பாற்றப்பட்டது. ஆகவே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இடது குதிகாலைத் தூக்கி இறக்கினேன். வாக்கரோடு நடப்பதே இடது காலுக்குப் பெரிய உழைப்பு என்பது தனி.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் கருவி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆட்டுக்கால் சூப்பில் இருக்கும் புரதம் பெரும்பாலும் எலும்பிலிருந்து இறங்கும் ஜெலட்டின். சதை கட்டுவதற்கு வேண்டிய எல்லாச் சத்தும் அதில் இல்லை, டிரிப்டோஃபான் என்ற ஒன்று அறவே கிடையாது. சுவைக்குக் குடியுங்கள், நானும் குடித்தேன். பிரண்டைத் துவையலும் சாப்பிட்டேன். கணக்கு வைத்தது முட்டை, சுண்டல், மீன், தயிர். நாட்டின் ஊட்டச்சத்துப் பரிந்துரை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். எலும்பு கூடும் காலத்தில் 1.2 வரைக்குமாவது போகச் சொன்னார் மருத்துவர். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. மூன்று இட்லியும் காபியுமாக இருக்கிற நம் காலைச் சாப்பாடு அங்கேயே தோற்றுவிடுகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

கட்டைப் பிரித்த அன்று செதில் உதிர்ந்த தோலுடன் கால் யாருடையதோ போல் இருந்தது. தொடை, இடதை விடச் சுமார் அரை அங்குலம் குறைவு. கெண்டை ஒரு அங்குலத்துக்கு மேல் குறைவு. உடனே கருவிக்கு மாலை போட்டுவிடாதீர்கள். தொடை நாள்தோறும் அசைந்தது, கெண்டை அசையவே இல்லை. ஆகவே இந்த ஒப்பீட்டைக் கொண்டு கருவிக்கு மதிப்பெண் போட முடியாது. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வாக்கரை விட்டு முதல் அடி வைத்தபோது முட்டி மடங்கவில்லை. படி இறங்கும்போது மட்டும் தொடை நடுங்கியது. சதை இருந்தது, பலம் பின்தங்கியே இருந்தது. அந்த ஆய்வு சொன்னது போலவே.

சிலர் இதைத் தொடவே கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் இரத்தம் உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது ஆபத்து. சர்க்கரையால் பாதமோ தொடையோ மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். கர்ப்பிணிகளும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பட்டையை எடுக்கக் கூடாது. கட்டுப் போட்ட காலில் கெண்டை திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்குக் கருவியைப் பற்றிப் பேச்சே இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கெண்டைச் சதைதான் இரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. அது நின்று கிடக்கும்போது இரத்தம் உறைய வாய்ப்பு அதிகம்.

செலவு. வாரம் எழுநூறு ரூபாய் வாடகை, மூவாயிரம் முன்பணம். வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவருக்கு ஒவ்வொரு முறையும் தனியாக. கொடுத்த பணத்தில் எது வீண் இல்லை என்று கேட்டால் அவருக்குக் கொடுத்ததைத்தான் சொல்வேன். அதற்கு வசதி இல்லாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் அடங்கும் என்பதை நினைவில் வைத்து, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

வாடகைக் கடை மேல் எனக்கு இரண்டு புகார். முதலாவது அந்த வயர். கருவியை வாங்கும்போதே ஒவ்வொரு வயரையும் முனையில் பிடித்து இலேசாக மடக்கி, இறுக்கம் விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள். மாற்று வயரைக் கையோடு கேளுங்கள். இரண்டாவது, ஒட்டுப் பட்டைகள். முன்பு யாரோ பயன்படுத்திய பட்டைகளையே பையில் போட்டுக் கொடுத்தார்கள்; ஒன்றில் முடி ஒட்டியிருந்தது. பட்டை ஒருவருக்கு மட்டும் உரியது. புதிது வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் தொடையைச் சோப்பில் கழுவித் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் பார்த்துக்கொண்டால் நெடுநாள் வரும். பிசின் காய்ந்தால் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, பிளாஸ்டிக் தாளில் திரும்ப ஒட்டி உறையில் வையுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும்போது பட்டைக்கென்று இருநூறு பிடித்தார்கள். புதுப் பட்டைகளை நானே வாங்கிய ரசீதைக் காட்டிய பிறகு அதையும் கொடுத்துவிட்டார்கள். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.